பூவும் மானும்: டர்பன் நாட்குறிப்பு

8 செப்டம்பர் 2023, வெள்ளி

ரக்பி உலகக் கோப்பை இன்று பாரிஸில் தொடங்குகிறது. தென்னாப்பிரிக்க அணியான ஸ்பிரிங்பாக்ஸுக்கு ஆதரவாக 'பாக் ஃபிரைடே' என்று அலுவலகம் முழுக்க பச்சை ஜெர்சி. சாதாரணச் சட்டையில் போன என்னை வாசலிலேயே கிண்டலடித்தார்கள். எனக்கு ரக்பி விதிகளே பாதிதான் புரியும். ஆனால் இந்த ஊரில் இருந்துகொண்டு இதைத் தவிர்க்க முடியாது.

லாரிகளை அனுப்பும் பிரிவின் மேற்பார்வையாளர் ஆப்பிரிக்கானர் (டச்சு வம்சாவளி வெள்ளையர்), ஐம்பதைத் தாண்டியவர். அவர் போட்டிருந்த ஜெர்சி பழையது. பொன்மஞ்சள் காலர் வெளுத்துப் போய் வெண்ணெய் நிறத்துக்கு வந்திருந்தது. இடது மார்பில் தேசியப் பூவான புரோட்டியா, வலது மார்பில் ரக்பி அணியின் சின்னமான ஸ்பிரிங்பாக், அதாவது துள்ளும் மான். மானின் பின்னங்காலில் நூல் பிரிந்து, அதே நிறத்தில் இல்லாத நூலால் யாரோ தைத்திருந்தார்கள். பூ புதுசு போலவே இருந்தது.

ஒரு சட்டைக்கு எதற்கு இரண்டு சின்னம் என்று கேட்டேன். பூவைத் தொட்டு, "இது அரசாங்கத்துக்கு" என்றார். மானைத் தொட்டு, "இது எனக்கு." அப்புறம் வழக்கமான பாட்டு: விளையாட்டில் அரசியலைக் கலந்து கெடுத்துவிட்டார்கள்.

எந்தக் காலத்தில் கலக்காமல் இருந்தது என்று கேட்டிருக்கலாம். லாரி காத்திருந்தது, போய்விட்டார்.

10 செப்டம்பர், ஞாயிறு

ஸ்காட்லாந்தோடு முதல் ஆட்டம், 18–3. வெற்றியை விட ஜெர்சியைப் பற்றித்தான் பேச்சு. ஸ்காட்லாந்தின் கருநீலமும் நம்முடைய கரும்பச்சையும் நிறக்குருடு உள்ளவர்களுக்கு ஒன்றாகத் தெரியும் என்று விதி. அதனால் தென்னாப்பிரிக்கா இறங்கியது பச்சையும் நீலமும் கலந்த ஒரு வெளிர் நிறத்தில். நீச்சல் குளத்து டைல்ஸ் நிறம்.

எதிரணி நிறத்துக்காக ஒரு நாள் மாற்றிக்கொள்வது சரி. வெள்ளையைப் போட்டிருக்கலாமே? இந்த நிறத்தைத் தேர்ந்தது ஜெர்சி தயாரிக்கும் கம்பெனி. வாட்ஸப்பில் கிண்டல் ஓடியது, அவ்வளவுதான். இதையே ஒரு அமைச்சர் சொல்லியிருந்தால் நாடு இரண்டாகியிருக்கும்.

அந்தப் பச்சை வந்த கதையும் பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. 1903-இல் பிரிட்டிஷ் அணி இங்கே சுற்றுப்பயணம் வந்தது. முதல் இரண்டு டெஸ்ட்டும் சமன். கேப் டவுன் நியூலண்ட்ஸில் நடந்த மூன்றாவதில் கேப்டன் பாரி ஹீட்லி தன் பழைய மாணவர் கிளப்பின் பச்சைச் சட்டைகளைப் போடவைத்தார். 8–0 என்று ஜெயித்தார்கள். முதல் தொடர் வெற்றி. பச்சை ஒட்டிக்கொண்டது. மான் வந்தது 1906-இல், பால் ரூஸ் தலைமையில் இங்கிலாந்து போனபோது. லண்டன் பத்திரிகைக்காரர்கள் ஏதாவது பட்டப்பெயர் வைப்பதற்கு முன்னால் நாமே வைத்துக்கொள்வோம் என்று 'ஸ்பிரிங்பாக்' என்றார்கள். ஆங்கிலேயரும் போயரும் (ஆப்பிரிக்கானர்கள்தான்) மோதிய போயர் போர் முடிந்து நான்கு வருடம்தான். ஆங்கிலேயரும் போயரும் ஒரே அணியில் இருந்தார்கள், அதுவே அப்போது பெரிய சமரசம். கறுப்பர்களையும் கலப்பினத்தாரையும் இந்தியர்களையும் அந்தச் சமரசத்தில் யாரும் கேட்கவில்லை.

24 செப்டம்பர், ஞாயிறு

நேற்று அயர்லாந்திடம் 13–8 தோல்வி. இன்று பாரம்பரிய தினம். நாளைக்கு அதற்கான விடுமுறை. நான் டர்பனில் இந்தியர்கள் வாழும் சாட்ஸ்வொர்த்தில் ஒரு வீட்டின் பின்னால் 'அவுட்பில்டிங்'கில் வாடகைக்கு இருக்கிறேன். வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், எழுபத்தெட்டு வயது. அவர் கொள்ளுத்தாத்தா கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறி வந்தவர். எங்கள் பேச்சு ஆங்கிலத்தில்தான். 'தாத்தா', 'தம்பி', கொஞ்சம் வசவு, இவை மட்டும் தமிழ்.

மதியம் பிராய். மசாலா தடவிய ஆட்டிறைச்சி கரி அடுப்பில் கிடக்க, வீட்டில் சண்டை. வெள்ளிக்கிழமை பள்ளிக்குப் பாரம்பரிய உடை போட்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். பேரன் மான் போட்ட ஜெர்சியில் போயிருக்கிறான். வேட்டி எடுத்து வைத்திருந்த தாத்தாவுக்கு இன்றும் ஆறவில்லை.

"அது யாருடைய பாரம்பரியம்டா?" என்கிறார். "கொலிசியோடது தாத்தா, கொலிசியோடது" என்கிறான் அவன், அணியின் கறுப்பினக் கேப்டன் சியா கொலிசியைச் சொல்லி.

சாப்பிட்டுவிட்டு என்னிடம் விவரமாகச் சொன்னார். அவருடைய அப்பா ரக்பி பார்க்கப் போவார். டர்பன் கிங்ஸ் பார்க் மைதானத்தில் 'வெள்ளையர் அல்லாதோர்' என்று ஓர் ஓரத்தை ஒதுக்கி வைத்திருந்தார்கள். அங்கே உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் வந்த அணிக்குத்தான் கை தட்டுவார்கள், அது யாராக இருந்தாலும். 1970-இல் நியூசிலாந்து முதல்முறையாக மாவோரி வீரர்களை இங்கே அழைத்துவந்தது. அதற்கு முன்பு அவர்கள் வரக்கூடாது என்பது இங்கத்திய நிபந்தனை. இந்த முறை 'கௌரவ வெள்ளையர்' என்று ஒரு பட்டம் கொடுத்து விட்டார்கள். சமோவா வம்சாவளி பிரயன் வில்லியம்ஸ் ஓடியதை தாத்தா ரேடியோவில் கேட்டவர்; இன்னும் அந்தப் பெயரைச் சொல்லும்போது குரல் ஏறுகிறது. அன்றிலிருந்து ஆல் பிளாக்ஸ் (நியூசிலாந்து அணி) ரசிகர்.

"நேரில் பார்த்ததே இல்லையா?"

"எப்படி பார்க்கிறது? நான் சாக்கோஸ் தம்பி."

சாக்கோஸ் என்பது 1973-இல் தொடங்கிய நிறபேதமற்ற விளையாட்டுக் கூட்டமைப்பு. இயல்பில்லாத சமூகத்தில் இயல்பான விளையாட்டு கிடையாது என்பது அவர்கள் கோஷம். பிரித்து உட்காரவைக்கும் ஆட்டத்தோடு உறுப்பினருக்கு எந்தத் தொடர்பும் இருக்கக் கூடாது என்று கட்டுப்பாடு. தாத்தா அவர்கள் லீக்கில் கிரிக்கெட் நடுவர். மேடுபள்ளமான மைதானத்தில், சனிக்கிழமை தோறும், சொந்தக் காசில் பஸ் ஏறிப் போய். இவர் அந்த மானைப் பார்த்து முகம் சுளித்தால் எனக்குத் தப்பாகத் தெரியவில்லை.

1 அக்டோபர், ஞாயிறு

டோங்காவோடு 49–18. மின்வெட்டு நல்லவேளையாக ஆட்டத்துக்குக் குறுக்கே வரவில்லை.

மானை எடுத்துவிட வேண்டும் என்ற கோரிக்கையைப் பற்றி இந்த வாரம் நிறைய படித்தேன். ஒருகாலத்தில் எல்லா விளையாட்டிலும் மான்தான் சின்னம், வெள்ளையருக்கு மட்டும். நிறவெறி முடியும்போது தேசிய விளையாட்டு கவுன்சில் அதை ஒட்டுமொத்தமாக ஓரங்கட்டி புரோட்டியாவைக் கொண்டுவந்தது. கிரிக்கெட் அணிக்கு இன்று அதுதான் பெயரே. 1992 பார்சிலோனா ஒலிம்பிக்ஸுக்கு மானும் இல்லாமல் பழைய கொடியும் இல்லாமல் போனார்கள். அந்தக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் இதே டர்பன்காரர், சாம் ராம்சாமி. நாடுகடந்து லண்டனில் இருந்து புறக்கணிப்பை நடத்தியவர்.

அதே 1992 ஆகஸ்ட்டில், ஜோஹன்னஸ்பர்க் எல்லிஸ் பார்க்கில், ரக்பிக்காரர்கள் நியூசிலாந்தோடு ஆடும்போது பழைய கொடியை ஆட்டி பழைய கீதத்தைப் பாடினார்கள். வேண்டாம் என்று முன்பே ஒப்புக்கொண்டும். மானை எடுங்கள் என்று கேட்டவர்கள் வம்புக்குக் கேட்கவில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

மண்டேலாதான் ரக்பிக்கு மட்டும் விட்டுவைக்கச் சொன்னார். தன் சொந்தக் கட்சிக்காரர்களோடு மல்லுக்கட்டித்தான் அதைச் செய்தார். 1995-இல் இந்த மாகாணத்திலேயே ஒரு கூட்டத்தில் மான் தொப்பியோடு மேடையேறியபோது அவருக்கே எதிர்ப்புக் குரல் கேட்டது. ஜூன் 24 அன்று உலகக் கோப்பை இறுதி ஆட்டத்துக்கு அவர் 6-ஆம் எண் ஜெர்சியில் மைதானத்துக்கு வந்ததும், 15–12 என்று ஜெயித்ததும் எல்லாருக்கும் தெரியும். அந்தப் பதினைந்து பேரில் வெள்ளையர் அல்லாதவர் செஸ்டர் வில்லியம்ஸ் ஒருவர்தான்.

2007-இல் மறுபடி கோப்பை. இறுதி ஆட்டத்தில் இறங்கிய பதினைந்தில் இந்த முறை இருவர்: ஹபானா, பீட்டர்சன். பன்னிரண்டு வருடத்தில் ஒன்று இரண்டானது! நாடாளுமன்ற விளையாட்டுக் குழுத் தலைவர் புட்டானா கொம்பேலா, மான் நம்மைப் பிரிக்கிறது, எல்லா அணிக்கும் ஒரே சின்னம்தான் என்று நெருக்கியது இந்தச் சூழலில். அவர் பேசிய தோரணையை நான் ரசிக்கவில்லை. கணக்கு அவர் பக்கம் இருந்தது. அப்போது விளையாட்டு அமைச்சர் மக்கென்கேசி ஸ்டோஃபில். 1985-இல் நியூசிலாந்து போய் ஆல் பிளாக்ஸின் அந்த வருடத் தென்னாப்பிரிக்கச் சுற்றுப்பயணத்தை நிறுத்தச் சாட்சி சொன்னவர், பிறகு நிறவெறி அரசு கறுப்பர்களுக்கென்று ஒதுக்கிய சிஸ்கெயில் சிறைக்குப் போனவர். அப்படிப்பட்டவர்கள் இருந்த அரசிடம் 'அரசியலைக் கலக்காதே' என்று சொல்ல நிஜமாகவே ஒரு துணிச்சல் வேண்டும்.

2008 நவம்பரில் பேரம் படிந்தது: பூ இடது மார்புக்கு, மான் வலது மார்புக்கு. 2009-இல் பிரிட்டிஷ்-ஐரிஷ் லயன்ஸ் அணி வந்தபோது அந்த ஜெர்சி வெளியே வந்தது. 2015 உலகக் கோப்பையில் போட்டி நடத்துபவர்களின் முத்திரைக்கு மார்பில் இடம் தேவைப்பட, மான் சட்டைக்கைக்குப் போனது. அதற்கும் கூச்சல். மேற்பார்வையாளரிடம் கேட்டால் இதுவும் அரசாங்கத்தின் வேலை என்பார்.

7 அக்டோபர், சனி

தாத்தாவிடம் ஒரு புதிய தகவல் சொல்வதாக நினைத்துக்கொண்டு போனேன். புரோட்டியா அப்படி ஒன்றும் கறைபடாத பூ இல்லை. 1970-களில் வெள்ளையர் சங்கத்தோடு ஒத்துப்போன கலப்பினத்தார் அணிக்கு 'புரோட்டியாஸ்' என்றும், கறுப்பர் அணிக்கு 'லெப்பர்ட்ஸ்' என்றும் பெயர். மான் வெள்ளையருக்கு, பூ அவர்களுக்கு, சிறுத்தை இவர்களுக்கு. 1981-இல் ஸ்பிரிங்பாக் அணிக்குள் வந்த, வெள்ளையர் அல்லாத முதல் வீரர் எர்ரல் டோபியாஸ் அந்த புரோட்டியாஸில் ஆடியவர்தான்.

"எனக்கா சொல்றே?" என்று சிரித்தார். "அவங்களை நாங்க என்னென்ன திட்டினோம் தெரியுமா? பூவும் பழசுதான் தம்பி. ஆனா பூவைக் காட்டி என்னை யாரும் வெளியே நிறுத்தலை."

இதற்கு என்னிடம் பதில் இல்லை. புதிய சின்னம் கேட்கிறவர்கள் சுத்தமான சின்னம் கேட்கிறார்கள் என்று நானாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் கேட்பது அதைவிடக் குறைவானது.

16 அக்டோபர், திங்கள்

நேற்று ராத்திரி பிரான்ஸை 29–28. தூக்கம் இல்லை. இன்று அலுவலகத்தில் யாருக்கும் இல்லை, கணக்கு எதுவும் ஒத்துப்போகவில்லை, யாரும் கவலைப்படவில்லை.

22 அக்டோபர், ஞாயிறு

இங்கிலாந்தை 16–15. தெருவில் நடுராத்திரி வரை ஹார்ன். கறுப்பர், இந்தியர், கலப்பினத்தார் எல்லார் கார்களிலும் பச்சை. 2019 இறுதி ஆட்டத்தில் இறங்கிய பதினைந்தில் வெள்ளையர் அல்லாதவர் ஆறு பேர், கேப்டன் உட்பட. இரண்டு டிரையும் மபிம்பி, கோல்பே அடித்தது. போர்ட் எலிசபெத்தின் ஸ்வீடேயில் வளர்ந்த கொலிசி கோப்பையைத் தூக்கிய பிறகு பிறந்த பிள்ளைகளுக்கு மான் என்றால் அந்த முகம்தான். கிழக்கு கேப்பில் கறுப்பர்கள் நூறு வருடத்துக்கு மேலாக ரக்பி ஆடிவருகிறார்கள் என்பதையும், இது 'வெள்ளையர் ஆட்டம்' என்று இரண்டு தரப்பும் சேர்ந்தே பேசிவந்ததையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

மானைக் காப்பாற்றியது மேற்பார்வையாளரின் விசுவாசம் இல்லை. வெளியே நின்றவர்கள் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தது. கொம்பேலா மாதிரி ஆட்கள் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் ஒன்று இரண்டானதோடு நின்றிருக்குமோ என்று சந்தேகம் எனக்கு.

29 அக்டோபர், ஞாயிறு

நேற்று இறுதி ஆட்டம், நியூசிலாந்தோடு. தாத்தா கறுப்புச் சட்டையில் சோபாவின் நடுவில். பேரன் பச்சையில் தரையில். ஒன்பது மணிக்கு ஆரம்பம். சமோசா, தேநீர், மறுபடி தேநீர். நியூசிலாந்து கேப்டன் சாம் கேனுக்கு சிவப்பு அட்டை காட்டியதும் தாத்தா நடுவரின் குடும்பத்தைத் தமிழில் விசாரித்தார். நம்முடைய பொல்லார்டின் நான்கு பெனால்டி, பன்னிரண்டு புள்ளி. கடைசிப் பக்கத்தில் கோல்பே மஞ்சள் அட்டை வாங்கி வெளியே உட்கார்ந்து, பார்க்கச் சகிக்காமல் ஜெர்சியை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். 12–11.

"பதினாலு பேரை வெச்சு ஆடியும் ஒரு பாயிண்ட்லதான் தோத்தோம். இதுக்குப் பேர் ஜெயிக்கிறதா?" என்கிறார்.

"கோப்பை யார்கிட்ட இருக்கு தாத்தா?"

"வாக்கெடுப்பு வெச்சா இன்னைக்கும் பூவுக்குத்தான் போடுவேன்."

"போடுங்க. நான் மானுக்கு."

மருமகள் இரண்டு பேரையும் தட்டைக் கழுவச் சொன்னார்.

31 அக்டோபர், செவ்வாய்

நேற்று மாலை ஜனாதிபதி ராமபோசா அறிவித்துவிட்டார்: வெற்றிக்காக டிசம்பர் 15 பொது விடுமுறை. தாத்தா நாள்காட்டியைப் பார்த்துச் சொன்னார், மறுநாள் 16 எப்படியும் விடுமுறை. 1838-இல் ஜுலுக்களை முறியடித்ததற்காக ஆப்பிரிக்கானர்கள் கொண்டாடிய நாள். 1961-இல் மண்டேலாவின் ஆட்கள் ஆயுதப் போராட்டத்தைத் தொடங்கத் தேர்ந்ததும் அதே நாள். ஆட்சி மாறியதும் தேதியை அப்படியே வைத்து 'நல்லிணக்க தினம்' என்று பெயரை மாற்றினார்கள். "அங்கே பெயரை மாத்தினாங்க, இங்கே பெயரை வெச்சுக்கிட்டாங்க" என்கிறார். ரக்பிக்காக விடுமுறை என்பது அவருக்குப் பிடிக்கவில்லை. லீவு வேண்டாம் என்று சொல்ல மட்டும் மாட்டாராம்.

எங்களுக்கு டிசம்பர் சம்பளத் தேதி 15. பதினான்காம் தேதிக்குள் வங்கிக்கு அனுப்பியாக வேண்டும் என்று இன்றைக்கே மேலிடத்திலிருந்து மெயில் வந்துவிட்டது.