நிலாவில் பள்ளம் எண்ணுகிறேன்

மூன்று நாளாகப் பெங்களூர் அல்சூர் வீட்டில் உட்கார்ந்து சந்திரயான்-2 எடுத்த படங்களைப் பார்க்கிறேன். ஒரு பிக்சல் தரையில் சுமார் 25 செ.மீ. பள்ளங்களைக் கணினி நிரல் தானாக வட்டமிடும். அந்த வட்டம் சரியா என்று பார்ப்பது என் வேலை.

ஓரிடத்தில் பாறையைப் பள்ளம் என்கிறது. பள்ளத்தில் சூரியன் இருக்கும் பக்கச் சுவர் இருட்டாகவும் எதிர்ச்சுவர் வெளிச்சமாகவும் இருக்கும். பாறையில் அப்படியே தலைகீழ்.

அம்மா எட்டிப் பார்த்து, "எல்லாம் மேடு மாதிரி இருக்கேடா" என்றார். படத்தைத் தலைகீழாகத் திருப்பினேன், மேடெல்லாம் பள்ளமாகிவிட்டது. மனிதக் கண்ணே இப்படி ஏமாறும்போது எதை விடையாக வைத்து நிரலுக்கு மதிப்பெண் போடுவது? நானும் தோழியும் தனித்தனியாகக் குறித்தோம். தேய்ந்துபோன பழைய பள்ளங்களில் இருவருக்கும் ஒத்துப்போகவே இல்லை.

கண்டுபிடித்ததில் எத்தனை சரி என்று மட்டும் சொன்னால் போதாது. எந்த அளவுப் பள்ளங்களை விட்டது என்றும் சொல்ல வேண்டும். பள்ளங்களை எண்ணித்தானே நிலாத் தரையின் வயதைக் கணிக்கிறோம்! விட்டுவிட்டால் தரை இளமையாகத் தெரியும்.

பெங்களூரில் இருப்பவர்கள் யாராவது ஞாயிறு ஒரு மணி நேரம் வந்து குறித்துத் தருவீர்களா? மூன்றாவது கண் வேண்டும்.