ஆறு மணி நியூஸ்ல அழகையா

நான் லண்டனுக்கு வந்தது 2007 கடைசியில. ஈஸ்ட்ஹாமில ஒரு ரூமுக்குள்ள நாலு பேர், நைட் ஷிப்ட் முடிச்சுப் பகல்ல படுத்து எழும்ப ஆறு மணி பிபிசி நியூஸ் தொடங்கும், அதைப் பார்த்துப் பார்த்துத்தான் நான் இங்கிலீஸ் கேட்டுப் பழகினது. வாசிக்கிறவர் ஜோர்ஜ் அழகையா. பேரைக் கண்டதும் பக்கத்தில இருந்த பெடியனிட்ட "டேய் இது நம்மட பேரெல்லோ" எண்டன்.

அம்மாட்டயும் போனில சொன்னன். மட்டக்களப்புக் கல்லடியில இருந்து அவ கேட்டது, "எந்த ஊராம் மனே? ஆர்ர பிள்ளையாம்?"

தேடிப் பார்த்தன். 1955ல கொழும்பில பிறந்த தமிழர், 1961ல குடும்பத்தோட கானாவுக்குப் போனவர், பொறகு இங்கிலாந்தில போர்டிங் ஸ்கூல், டர்ஹம் யூனிவர்சிட்டி. 1989ல பிபிசியில சேர்ந்து வெளிநாட்டு விவகார நிருபரா சோமாலியா, ருவாண்டா, தென்னாபிரிக்கா எண்டு சனம் செத்த இடமெல்லாம் நேர நிண்டு சொன்ன மனுசன், ஸ்டூடியோக் கதிரை அதுக்குப் பொறகுதான். அதாலதான் எனக்கு அவரில அவ்வளவு மரியாதை.

நானும் நிருபராகோணும் எண்டு நினைச்சவன். 2004 மே 31ல பத்திரிகையாளர் ஐயாத்துரை நடேசனை மட்டக்களப்பு டவுனுக்குள்ளயே சுட்டாங்க. அடுத்த வருசம் ஏப்ரலில நம்மட ஊர்ப் பத்திரிகையாளர் சிவராமைக் கொழும்பில கடத்திக் கொலை செய்தாங்க. அதுக்குப் பொறகு அம்மா அந்தக் கதையையே எடுக்க விடல்ல. இங்க ஒரு தமிழன் பயமில்லாம நாட்டுக்கே செய்தி சொல்றதப் பார்க்க சந்தோசமும் வரும், தொண்டையும் அடைக்கும்.

சுனாமிக்குப் பொறகு அவர் தன்ட குடும்பத்துப் பழைய வீட்டைத் தேடி இலங்கைக்குப் போயிருக்கார். வீடு இல்ல. சின்னனில சகோதரிமாரோட விளையாடின கிணத்தை மட்டும் அடையாளம் கண்டாராம். அதை வாசிச்ச அண்டைக்கு நான் வேலைக்குப் போகல்ல. நாவலடியில நம்மட அம்மம்மாட வீடும் அப்பிடித்தான், சுவர் ஒண்டும் மிஞ்சல்ல, மணலுக்குள்ள கிணத்துக்கட்டைக் கண்டுதான் "இதுதான் நம்மட வளவு" எண்டு அம்மா நிலத்தில இருந்தவ.

2014ல கேன்சர் எண்டு தெரிஞ்ச பொறகும் வைத்தியத்துக்கு இடையில திரும்பத் திரும்ப வந்து வாசிச்சவர், 2023 ஜூலை 24ல போயிட்டார். அண்டைக்கு வீடியோ கோல்ல அவர்ர படத்தை அம்மாக்குக் காட்டினன். கொஞ்ச நேரம் பார்த்திட்டு, "அந்தக் கிணத்தை இறைச்சு எடுத்தவங்களா மனே?" எண்டு கேட்டா.

தெரியாதம்மா எண்டன். நம்மட கிணத்தை மூண்டு நாள் இறைச்சும் உப்புப் போகல்ல.