73.5 கிலோவில் நின்ற பதினொரு கிழமை

தைப்பொங்கல் முடிந்த கையோடு உடம்பு நிறையைக் குறைக்கத் தொடங்கினேன். அப்போது நிறை 84 கிலோ, உயரம் 158 சென்ரிமீற்றர், வயது 43. தேத்தண்ணிக்குச் சீனி போடுவதை விட்டேன், மத்தியானச் சோற்றைப் பாதியாக்கினேன், பின்னேரங்களில் யாழ்ப்பாணத்துப் பண்ணைக் கடற்கரையோரம் நடந்தேன். அவ்வளவுதான். ஜூன் முடியும்போது 73.5 வந்துவிட்டது. அதற்குப் பிறகு பதினொரு கிழமை தராசு அசையவே இல்லை. 73.8, 73.2, 73.6, திரும்பவும் 73.5. என்னோடு சேர்ந்து தொடங்கிய இரண்டு சிநேகிதிகள் இதே மாதிரி ஒரு இடத்தில் நின்றுதான் விட்டுவிட்டார்கள், அதனால்தான் இதை எழுத வேண்டும் என்று பட்டது.

நின்றவுடன் நான் செய்தது எல்லோரும் செய்வதுதான், சாப்பாட்டை இன்னும் குறைத்தேன். இரவுக்கு ஒரு பிளேன்டீ, இரண்டு கிராக்கர். நாலைந்து நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பேன், சனிக்கிழமை வந்தால் பசி தாங்காமல் கொத்துரொட்டி, அதற்கு மேல் வீட்டில் இருக்கிற மிக்சர் என்று கை போய்க்கொண்டே இருக்கும். நித்திரை குழம்பியது, தலைமயிர் கொட்டத் தொடங்கியது. தைரொயிட்டாக இருக்குமோ என்று பயந்து இரத்தம் சோதித்தேன், அதில் ஒரு குறையும் இல்லை. (இந்தச் சோதனையை நீங்களும் ஒருமுறை செய்துவிடுங்கள், சீனியையும் சேர்த்துப் பாருங்கள். இல்லாவிட்டால் அந்தச் சந்தேகம் மனதை விட்டுப் போகாது.)

அதற்குள் நல்லூர்த் திருவிழா வந்தது. 25 நாளும் வீட்டில் சைவம். மீன், முட்டை இல்லையே, நிச்சயம் குறையும் என்று நம்பினேன். கோயிலுக்கும் நடந்துதான் போனேன். குறையவில்லை.

வழியைக் காட்டியது மச்சாளின் மகள். மருத்துவம் படிக்கிறவள், திருவிழாவுக்கு வந்து எங்களோடு நின்றாள். நான் இரவில் கிராக்கர் சாப்பிடுவதைப் பார்த்துவிட்டு, "மாமி, இனியும் குறைக்காதீங்கோ. முதல் இரண்டு கிழமை வழமையாச் சாப்பிடுறதை அளந்து எழுதுங்கோ, பிறகு பாப்பம்" என்றாள். அடுத்த நாளே ரவுணில் சமையலறைத் தராசு ஒன்று வாங்கினேன்.

முதல் இரவு புட்டு. அம்மா திருவலையில் தேங்காய் திருவிக்கொண்டிருந்தா. நான் தராசில் கிண்ணத்தை வைத்து, திருவியதை அதில் போடச் சொன்னேன். "நான் என்ன பிள்ளை நிறையவோ போடுறன், ஒரு பாதிதானே" என்றா. அந்தப் பாதி 150 கிராம் காட்டியது. மூன்று பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 50. சம்பலுக்குத் தனியாகத் திருவியதில் என் பங்கு 40. பச்சைத் தேங்காய்ப்பூ 100 கிராமில் ஏறத்தாழ 350 கலோரி இருக்கிறது, ஆக அந்த ஒரு நேரச் சாப்பாட்டில் தேங்காய் மட்டும் 300 கலோரிக்கு மேல். சொதிக்கு விட்ட முதற்பாலை நான் இன்னும் கணக்கில் சேர்க்கவில்லை. சாப்பிடும்போது புட்டுத்தான் கண்ணுக்குத் தெரிந்தது. எட்டு மாதமாக நான் குறைத்ததும் அப்படிக் கண்ணுக்குத் தெரிவதை மட்டும்தான்.

இன்னொரு நாள் கத்தரிக்காய்ப் பொரிச்ச குழம்பு. பொரிக்க முன் எண்ணெய்ச் சட்டியை நிறுத்தேன், பொரித்து எடுத்து, ஆறவிட்டுத் திரும்ப நிறுத்தேன். 52 கிராம் எண்ணெய் குறைந்திருந்தது, அத்தனையும் கத்தரிக்காய்க்குள். எண்ணெய் கிராமுக்கு 9 கலோரி, அப்படியென்றால் 460க்கும் மேல், என் பங்கு 150. திருவிழா நாட்களில் ஒன்றுவிட்டு ஒரு நாள் இதைச் சமைத்தோம், அதோடு அப்பளம், வடை, பாயாசம் வேறு. ஏன் குறையவில்லை என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

குரக்கன் (கேழ்வரகு) பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். குரக்கன் புட்டென்றால் எவ்வளவும் சாப்பிடலாம் என்று எங்கள் ஆட்களிடம் ஒரு எண்ணம் இருக்கிறது, எனக்கும் இருந்தது. நார்ச்சத்து கூட, கல்சியம் கூட, நல்ல சாப்பாடுதான், ஆனால் கலோரி என்று பார்த்தால் அரிசிமாவுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டு நீத்துப்பெட்டி (புட்டு அவிக்கிற ஓலைப்பெட்டி) குரக்கன் புட்டு இரண்டு நீத்துப்பெட்டிதான்.

ஆனால் முழுப் பிழையும் தேங்காயில் இல்லை. 84 கிலோவில் இருந்தபோதும் இதே தேங்காய்தானே சாப்பிட்டேன், அப்போது எப்படிக் குறைந்தது? மச்சாளின் மகள், உடம்பு ஓய்வில் செலவழிக்கிற கலோரியைக் கணக்குப் பார்க்கும் மிஃப்ளின் சென் ஜியோர் என்ற சமன்பாட்டைப் போட்டுக் காட்டினாள். 84 கிலோவில் என் உடம்பு சும்மா படுத்திருந்தாலே நாளுக்கு ஏறத்தாழ 1450 கலோரி செலவழித்தது, 73.5 கிலோவில் அது 1350க்குக் கிட்ட. நடந்தாலும் படி ஏறினாலும் பத்துக் கிலோ குறைவாகத்தான் சுமக்கிறேன், அங்கேயும் செலவு குறைவு. அதற்கு மேலே, பட்டினியை உணர்ந்த உடம்பு தானாகவே சிக்கனம் பிடிக்கும். 1944-45இல் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் அன்செல் கீஸ் 36 ஆண்களைப் பல மாதம் அரைவயிற்றில் வைத்துப் பார்த்த ஆய்வில், அவர்கள் சோர்ந்து, தேவையில்லாமல் அசைவதையே விட்டுவிட்டார்களாம். அதைக் கேட்டதும் எனக்கு என் ஸ்கூட்டி ஞாபகம் வந்தது. நான் கிராக்கர் சாப்பிட்ட நாட்களில் சந்திக் கடைக்குக்கூட ஸ்கூட்டியில்தான் போனேன், மாடியில் உடுப்புக் காயப்போடுவதைத் தம்பியிடம் விட்டுவிட்டேன். அது எனக்கே தெரியாமல் நடந்தது. பின்னேரம் ஒரு மணித்தியாலம் பண்ணையில் நடந்துவிட்டு மிச்ச நாள் முழுக்க அசையாமல் ஒரே இடத்தில் இருந்திருக்கிறேன்.

சரி, என்ன மாற்றினேன்? பாதித் தேங்காயைக் கால்வாசி ஆக்கினோம். சம்பல் கிழமைக்கு இரண்டு நாள், மற்ற நாட்களில் தேங்காய் கொஞ்சமாகப் போட்ட வல்லாரை. சொதிக்கு இரண்டாம்பால் மட்டும், அம்மாவுக்கு இதில் இன்னும் முழுச் சம்மதம் இல்லை. கத்தரிக்காயைப் பொரிக்காமல் வதக்கிச் சமைக்கிறோம், ருசி கொஞ்சம் குறைவுதான், பொய் சொல்ல மாட்டேன். கிராக்கர் இரவுகளை அடியோடு நிறுத்தினேன். அதற்குப் பதில் புரதத்தைக் கூட்டினேன். எழுதிப் பார்த்ததில் நாளுக்கு 45 கிராம்தான் எடுத்திருந்தேன், இப்போது 80க்குக் கிட்ட. காலையில் இரண்டு முட்டை, மத்தியானம் சின்னக்கடையில் வாங்கும் பாரை மீனோ சூடை மீனோ குழம்பாக, பின்னேரம் அவித்த கடலை அல்லது பயறு. சனிக்கிழமைப் பசி இரண்டாம் கிழமையிலேயே அடங்கிவிட்டது. என்னைக் கேட்டால் எல்லாவற்றிலும் பெரிய உதவி இதுதான்.

2022 பெற்றோல் தட்டுப்பாட்டில் வாங்கிய சைக்கிள் விறாந்தையில் தூசி பிடித்து நின்றது. அதைத் திருத்தி, கொக்குவிலில் இருந்து வேலைக்கு அதிலேயே போகிறேன். கிழமைக்கு மூன்று நாள், 5 லீட்டர் தண்ணீர்க் கலன் இரண்டைக் கையில் பிடித்துக்கொண்டு கதிரையில் இருந்து எழும்பித் திரும்ப இருப்பது, 12 முறை, மூன்று தடவை. கொழுப்போடு தசையும் கரைந்துவிடாமல் இருக்க இந்த மாதிரிப் பாரம் தூக்கும் பயிற்சி வேண்டும். முதல் கிழமை தொடை வலியில் படி இறங்க முடியவில்லை.

இவ்வளவும் செய்து முதல் இரண்டு கிழமை தராசு 400 கிராம் கூடக் காட்டியது. புதிதாகப் பயிற்சி செய்கிற தசை தண்ணீரைப் பிடித்து வைத்திருக்குமாம். கருவாட்டுக் குழம்பு சாப்பிட்ட மறுநாள் எனக்கு 900 கிராம் ஏறும், மாதவிடாய்க்கு முந்தின நாட்களில் ஒரு கிலோவும் ஏறும். அதனால் இப்போது தினமும் காலையில் நிறுத்து எழுதி, கிழமைச் சராசரியை மட்டும் போன கிழமையோடு ஒப்பிடுகிறேன். இடுப்பையும் அளக்கிறேன். தராசு ஏறிக் காட்டிய அந்த இரண்டு கிழமையில் இடுப்பு ஒன்றரைச் சென்ரிமீற்றர் குறைந்திருந்தது, அதைப் பார்க்காமல் இருந்திருந்தால் அன்றைக்கே விட்டிருப்பேன்.

மூன்றாம் கிழமைச் சராசரி 73.1. அடுத்தது 72.7. பிறகு கிழமைக்கு 300, 400 கிராம் என்று மெதுவாக இறங்கி, டிசம்பர் நடுவில் 69.8. இன்னும் ஐந்து கிலோ குறைக்க நினைத்திருக்கிறேன்.

இப்போது மாரி மழை விடாமல் பெய்கிறது, சைக்கிள் திரும்பவும் விறாந்தையில்தான். அதனால் மழை நாட்களில் வீட்டு மாடிப்படியை இருபது தடவை ஏறி இறங்குகிறேன், உடுப்பையும் நானே மேலே கொண்டுபோய் விறாந்தைக் கொடியில் போடுகிறேன். கீழே அம்மா தேங்காயைத் திருவி முடித்தவுடன் தராசைப் பார்த்துச் சத்தம் போட்டுச் சொல்லுவா: "பிள்ளை, இண்டைக்கு எழுபது. காணுமோ?"