சப்ளையர் வேலையில் புதிதாகச் சேர்ந்தபோது நடந்த அநியாயமும், அதற்கு வழி பிறந்த விதமும்

கோவை காந்திபுரத்தில், பஸ் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில் உள்ள ஒரு சைவ உணவகத்தில் சப்ளையராகச் சேர்ந்தேன். காலை 6 மணிக்கு டிபன் தொடங்கும். பகலில் சாப்பாடு, 4 மணிக்கு மேல் மறுபடி டிபன். கால் கடுக்க நிற்க வேண்டும் என்பது தெரிந்தே வந்த வேலை இது. கூட வேலை செய்பவரே குறுக்கே நிற்பார் என்பதைத்தான் யாரும் சொல்லி அனுப்பவில்லை. இதே நிலையில் சிக்கிக்கொண்டு, பேசாமல் ஊருக்கே திரும்பிவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் புதியவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

சாப்பிட வருபவருக்கு எல்லா டேபிளும் ஒன்றுதான். சப்ளையருக்கு அப்படி இல்லை. முன்பக்க ஜன்னல் ஓரமும் ஏ.சி. அறையும் குடும்பத்தோடு வருபவர்கள் அமரும் இடம். கிராஸ்கட் ரோட்டில் துணி எடுத்துவிட்டு நேராக அங்கேதான் வருவார்கள். நெய் ரோஸ்ட், பரோட்டா, ஐஸ்கிரீம் என்று பில் ஏறும், டிப்ஸும் விழும். பின்பக்கம் கை கழுவும் இடத்தை ஒட்டிய டேபிள்களில் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று இரண்டு இட்லியும் ஒரு காபியும் சாப்பிட்டு ஓடுபவர்கள்தான் உட்காருவார்கள். நடை அதிகம், அவசரம் அதிகம், வரவு மட்டும் கிடையாது.

டேபிள் பிரித்துக் கொடுப்பது, சப்ளையர்களை மேற்பார்க்கும் கேப்டனின் வேலை. ஆனால் அவர் வருவதற்குள் பல வருடங்களாக அங்கே இருக்கும் ஓர் அண்ணன் பிரித்து முடித்திருப்பார். எனக்கு எப்போதும் பின்பக்கம்தான். ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான், முகூர்த்த நாளிலும் அப்படித்தான். புதியவன் முதலில் அங்கே நின்று பழகட்டும் என்பது நியாயமான பேச்சு. எனக்குப் பின்னால் சேர்ந்த அவருடைய ஊர்க்காரப் பையன் நேரே ஏ.சி. அறைக்குப் போனபோதுதான், அது பழக்குவதற்காகச் செய்தது அல்ல என்று புரிந்தது.

அதைவிட வலித்தது தோசை விஷயம். ஆர்டர் சீட்டை உள்ளே கொடுத்துவிட்டுத் தண்ணீர் வைக்கப் போயிருப்பேன். நான் சொன்ன ரோஸ்ட் கவுண்டருக்கு வந்ததும் அந்த அண்ணன் எடுத்துக்கொண்டு தன் டேபிளுக்குப் போய்விடுவார். மாஸ்டர் அடுத்த சீட்டுக்கு மாறியிருப்பார். என் டேபிளில் ஒரு பெரியவர் சட்னிக் கிண்ணத்தைத் தள்ளிவைத்துவிட்டு, “தம்பி, எனக்கு அப்புறம் வந்தவர் சாப்பிட்டுக் கை கழுவவே போய்விட்டார், என் ரோஸ்ட் எங்கே?” என்று கேட்டார். அவரிடம் என்ன சொல்வது? கல் காயவில்லை என்று சமாளித்துவிட்டு உள்ளே ஓடினேன். மெதுவாக வேலை செய்கிறவன் என்ற பெயர் எனக்கு வந்தது இப்படித்தான்.

வழி முதலில் கிடைத்தது அந்தக் கவுண்டரிலேயே. ஆர்டர் குளறுபடியானால் தோசை மாஸ்டருக்கும் திட்டு விழும் என்பதைக் கவனித்தேன். அடுப்படி ஓய்ந்த ஒரு பிற்பகலில் அவரிடம் போய், “மாஸ்டர், இனி என் சீட்டில் டேபிள் எண்ணையும் நேரத்தையும் பெரிதாக எழுதித் தருகிறேன். தட்டை வைக்கும்போது எண்ணை மட்டும் ஒரு குரல் கொடுக்கிறீர்களா?” என்று கேட்டேன். யாரைப் பற்றியும் குறை சொல்லவில்லை. அவருக்கும் அது வசதியாகப்பட்டது. சீட்டுகளை வந்த வரிசையில் கிளிப்பில் மாட்டி, “பதினாலு, நெய் ரோஸ்ட்!” என்று கூப்பிடத் தொடங்கினார். எல்லோர் காதிலும் விழும்படி எண்ணைச் சொன்ன பிறகு அடுத்தவன் தட்டில் கை வைக்க யாருக்கும் துணிவு வராது. சில நாட்களில் அந்தத் தொல்லை அடங்கியது.

டேபிள் விஷயத்தை அந்த அண்ணனிடமே பேசினேன். எல்லோர் முன்னாலும் பேசாமல், டீ குடிக்கும் நேரத்தில் தனியாகப் பேசினேன். “அண்ணா, வாரத்தில் இரண்டு நாளாவது எனக்கு முன்பக்கம் கொடுங்கள். எனக்கும் வீட்டுக்குப் பணம் அனுப்ப வேண்டும்” என்றேன். “நான் வந்தபோது எனக்கு யார் கொடுத்தார்கள்?” என்று கேட்டார். பிறகு அவரே, யுபிஐ வந்த பிறகு டிப்ஸ் எப்படிக் குறைந்துபோனது என்று சொன்னார். முன்பெல்லாம் மீதிச் சில்லறையைத் தட்டிலேயே விட்டுவிட்டுப் போவார்கள். இப்போது போனைக் காட்டிப் பணம் கட்டிவிட்டு எழுந்துவிடுகிறார்கள், மீதி என்ற பேச்சே இல்லை. பையனின் கல்லூரிச் செலவை அந்தச் சில்லறையை நம்பித்தான் ஓட்டிவந்திருக்கிறார். அவர் கஷ்டம் பொய்யல்ல. அதற்காக என் பங்கை எடுத்துக்கொள்ளும் உரிமை அவருக்கு வந்துவிடாது என்பதையும் அன்றே சொல்லிவிட்டேன். அவர் எழுந்து போய்விட்டார்.

அடுத்து வந்ததுதான் பெரிய பிரச்சினை. கூட்ட நேரத்தில் நான்கு பேர் பணம் கட்டாமல் போய்விட்டார்கள். அது என் டேபிள் என்றார் அந்த அண்ணன். தண்ணீர் வைத்தது நான் என்பது உண்மை. ஆர்டர் எடுத்தது அவர். சம்பளத்தில் பிடிக்கச் சொல்லி மேலாளர் குறித்துக்கொண்டார். நான் சத்தம் போடவில்லை. “சார், கேஷில் இருக்கும் சீட்டுப் பிரதியை ஒரு முறை பாருங்கள்” என்றேன். ஒவ்வொரு சப்ளையருக்கும் ஓர் எண் உண்டு. அந்தச் சீட்டில் இருந்தது அவருடைய எண்.

இதை ஒவ்வொருவரும் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். முன்பிருந்த 1936ஆம் ஆண்டின் ஊதியம் வழங்கல் சட்டமும் சரி, அதன் இடத்தில் இப்போது நடைமுறையில் உள்ள 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பும் சரி, நம் கவனக்குறைவால் நட்டம் வந்தது என்று சம்பளத்தில் பிடிப்பதானால் முதலில் நம்மிடம் விளக்கம் கேட்க வேண்டும் என்றே சொல்கின்றன. யாரோ கை காட்டினார்கள் என்பதற்காகப் பிடித்துவிட முடியாது. அன்று அந்த அண்ணனிடமும் பிடிக்க வேண்டாம் என்றுதான் மேலாளரிடம் கேட்டுக்கொண்டேன். அத்தனை கூட்டத்தில் வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்க எந்தச் சப்ளையராலும் முடியாது.

அந்தச் சூட்டோடு கேப்டனைப் பார்த்தேன். யார் கெட்டவர் என்று பேசினால் அது இரண்டு பேர் சண்டையாகிவிடும். அதனால் எந்தத் தேதியில் யார் எந்த டேபிள் பார்த்தார்கள் என்று நான் குறித்து வைத்திருந்த தாளைக் காட்டி, வாரத்துக்கு ஒரு முறை டேபிளை மாற்றி அதைச் சுவரில் எழுதி ஒட்டச் சொன்னேன். டிப்ஸை ஒரே பெட்டியில் போட்டு இரவில் பிரிக்கலாம் என்றும் கேட்டேன். இதற்கு ஆதரவு நான் நினைக்காத இடத்திலிருந்து வந்தது. டேபிள் துடைக்கும் அக்காக்கள், “எச்சில் இலை எடுப்பது நாங்கள், எங்களுக்கு ஐந்து ரூபாயாவது யார் கொடுத்தார்கள்?” என்று கேப்டனிடம் நேராகவே கேட்டார்கள். அவரால் பதில் சொல்ல முடியவில்லை. அவர்களுக்கும் பங்கு என்று முடிவானது. அந்தக் கேள்வியை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் நிறைகிறது.

அந்த அண்ணன் இன்னும் அங்கேதான் இருக்கிறார். என்னிடம் வேலை விஷயம் தவிர வேறு எதுவும் பேசுவதில்லை. சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு எதிரெதிரே வந்தால் வழிவிடுகிறார், நானும் விடுகிறேன். சுவரில் ஒட்டிய தாள் கிழிந்தால் கேப்டன் புதிதாக எழுதி ஒட்டிவிடுகிறார். பணம் கட்டாமல் போகிறவர்களின் பில் மட்டும் இன்னும் தீராத விஷயம். அதை முதலாளியே ஏற்க வேண்டும் என்று இப்போது எல்லோரும் சேர்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறோம்.