ஐஸ் பேக்கை ஆட்டிப் பார்ப்பது ஏன்?

தடுப்பூசி முகாம் நாளில் காலை ஏழு மணிக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தின் குளிர்பதன அறைக்குப் போனால், டீப் ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஐஸ் பேக்குகளை மேசைமேல் பரப்பிவிட்டு ஒருவர் சும்மா உட்கார்ந்திருப்பார். சோம்பல் இல்லை, அதுதான் வேலை. டீப் ஃப்ரீசருக்குள் மைனஸ் 15 முதல் மைனஸ் 25 டிகிரி வரை இருக்கும். அந்தக் குளிரோடு பேக்கை, தடுப்பூசியை முகாமுக்கு எடுத்துப்போகும் பெட்டியான வேக்சின் கேரியருக்குள் செருகினால், அதை ஒட்டி நிற்கும் மருந்துக் குப்பி உறைந்துவிடும். மேலே படிந்த வெண்பனி கரைந்து பேக் வியர்க்க வேண்டும். காதருகே வைத்து ஆட்டினால் உள்ளே தண்ணீர் 'சளக்'கென்று அசைய வேண்டும். பனிக்கட்டியும் தண்ணீரும் சேர்ந்திருந்தால் பேக் பூஜ்ய டிகிரிக்கு வந்துவிட்டது என்று பொருள். சித்திரையில் இது சீக்கிரம் நடக்கும், மார்கழியில் காத்துக் கிடக்க வேண்டும். கடிகாரம் இதில் உதவாது. காதுதான் கருவி.

அதன்பிறகு பேக்கைத் துடைத்து, நான்கையும் கேரியரின் நான்கு பக்கத்திலும் நிறுத்தி, குப்பிகளை ஜிப் கவரில் போட்டு நடுவில் வைத்து மூட வேண்டும். சிறிய கேரியரில் 16 முதல் 20 குப்பி வரை கொள்ளும். வெளியே வண்டி ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும்போதுதான் இந்தக் காத்திருப்பு கைவிடப்படும். தடுப்பூசி கெடுவது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான்.

வெயில்தான் தடுப்பூசிக்கு எதிரி என்று ஊரே நினைக்கிறது. நம் ஊர் வெயிலைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். சூடு பட்டதைக் காட்டிக்கொடுக்கக் குப்பியிலேயே ஆள் உண்டு. லேபிளில் வட்டத்துக்குள் இருக்கும் சிறு சதுரம், சூடு படப்படக் கருக்கும். சதுரத்தின் நிறம் வட்டத்தின் நிறத்தைத் தொட்டுவிட்டால் குப்பியைத் தூக்கிப் போட வேண்டியதுதான். உறைந்து போனதை அந்தச் சதுரம் காட்டாது. உறைந்து உருகிய குப்பி, பார்வைக்கு நல்ல குப்பி போலவே இருக்கும்.

அலுமினிய உப்பு கலந்த தடுப்பூசிகளுக்கு இதனால் வரும் சேதம் அதிகம். பென்டாவேலன்ட், ஹெபடைடிஸ் பி, டி.டி., கோவாக்சின் எல்லாம் இந்த வகை. அலுமினிய உப்பு நுண்துகள்களாகத் திரவத்தில் மிதந்து, மருந்தின் மூலப்பொருளைத் தன்மேல் பிடித்துவைத்திருக்கும். பனிப்படிகம் உருவாகும்போது துகள்கள் நெருக்கப்பட்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. உருகினாலும் பிரிவதில்லை. திரிந்த பாலை மறுபடி ஆறவைத்தால் பாலாகாது, அதுபோலத்தான். சந்தேகம் வந்தால் ஆட்டிப் பார்க்கும் சோதனை ஒன்று உண்டு. அதே பேட்சில் ஒரு குப்பியை வேண்டுமென்றே உறையவைத்து உருக்கி, சந்தேகக் குப்பியோடு சேர்த்துக் குலுக்கி, பக்கத்தில் பக்கத்தில் வைத்து அரை மணி நேரம் பார்க்க வேண்டும். சந்தேகக் குப்பியிலும் அதே வேகத்தில் கீழே படிவு விழுந்தால் அதுவும் போய்விட்டது. கோவிஷீல்டுக்கு இந்தச் சோதனை பொருந்தாது. அதில் அலுமினியம் இல்லை. அது சிம்பன்சி அடினோவைரஸைக் கொண்டு செய்தது. குலுக்கவும் கூடாது, உறையவும் கூடாது. கோவாக்சினை லேசாகக் குலுக்கியே எடுக்க வேண்டும். ஒரே மேசையில் இரண்டும் இருந்த நாட்களில் இந்த வேறுபாட்டை ஒவ்வொரு குப்பிக்கும் நினைவில் வைத்திருக்க வேண்டியிருந்தது.

சுகாதார நிலையத்தில் குப்பிகள் தங்கும் ஐ.எல்.ஆர். என்னும் குளிர்பதனப் பெட்டியில் 2 முதல் 8 டிகிரி. வெப்பநிலையைக் காலையும் மாலையும் பார்த்து நோட்டில் எழுத வேண்டும், ஞாயிறும் பொங்கலும் இதில் அடக்கம். நோட்டைப் புரட்டுகிறவர்களுக்கு ஒரு விஷயம் கண்ணில் படும். மாதம் முழுக்க ஒரே பேனாவில் '4, 4, 4' என்றிருந்தால் அந்தப் பெட்டியைத் திறந்து பார்ப்பது நல்லது. நிஜப் பெட்டியின் எண்கள் 3.5, 5, 4, 6 என்று அலைந்துகொண்டே இருக்கும். உட்சுவரில் 5 மில்லிமீட்டருக்கு மேல் பனி சேர்ந்தால் குளிர் சரியாகப் பரவாது, டீஃப்ராஸ்ட் செய்தாக வேண்டும்.

2021 ஜனவரியில் தமிழ்நாட்டுக்கு வந்த முதல் சரக்கு 5,36,500 டோஸ் கோவிஷீல்டு, 20,000 டோஸ் கோவாக்சின். தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்திலிருந்து மண்டலக் கிடங்குகளுக்குப் பிரித்து அனுப்பினார்கள். 16 ஆம் தேதி ஊசி போடத் தொடங்கியாயிற்று. பாதுகாத்துக் கொண்டுவருவது அதோடு முடிந்தது. திறப்பதா வேண்டாமா என்ற அடுத்த சிக்கல் அன்றே தொடங்கியது.

கோவிஷீல்டு குப்பியில் 10 டோஸ், அப்போது வந்த கோவாக்சின் குப்பியில் 20 டோஸ். திறந்தால் 4 மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும். கோவாக்சின் குப்பியைத் திறந்தபோது 12 பேர்தான் வந்தார்கள் என்றால் 8 டோஸ் குப்பைக்கு. வந்த மூன்று பேரிடம் "பத்துப் பேர் சேரட்டும், உட்காருங்க" என்று சொன்னால் ஒருவர் எழுந்து போய்விடுவார், அவர் திரும்பி வரமாட்டார். வீணானாலும் பரவாயில்லை, வந்தவரை அனுப்பக் கூடாது என்பதே என் கட்சி. ஆனால் மாலையில் கணக்குக் கேட்கிறவர்கள் வீணான டோஸைத்தான் கேட்பார்கள், திரும்பிப் போனவரைக் கேட்க எந்தப் படிவத்திலும் கட்டம் கிடையாது. அந்த ஏப்ரலில் தமிழ்நாட்டின் வீணாகும் அளவு 12 சதவீதம் என்று செய்தி வந்தபோது, செவிலியரின் கவனக்குறைவு என்றே பலர் படித்தார்கள். ஆள் வரத் தயங்கியதன் கணக்கும் அதில்தான் இருந்தது. நடிகர் விவேக் ஊசி போட்டுக்கொண்ட இரண்டாம் நாள், ஏப்ரல் 17 அன்று இறந்ததும் தயக்கம் இரட்டிப்பானது. அவரது மரணத்துக்கும் தடுப்பூசிக்கும் தொடர்பில்லை என்று தேசிய அளவிலான குழுவின் ஆய்வு பின்னால் சொன்னது. ஆனால் பயம் பரவிய வேகத்தில் அறிக்கை பரவவில்லை.

அதே காலத்தில் கேரளத்தில் பெற்றது 73,38,806 டோஸ், போட்டது 74,26,164. மாயமில்லை. 10 டோஸ் கிடைக்க வேண்டும் என்பதற்காக ஆலையிலேயே குப்பியில் சற்றுக் கூடுதலாக நிரப்புகிறார்கள். தானாகப் பூட்டிக்கொள்ளும் 0.5 மி.லி. சிரிஞ்சில் மருந்து தங்கும் இடம் மிகக் குறைவு. கை சுத்தமாக இருந்தால் பதினோராவது டோஸ் வரும். கை என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. இந்த சிரிஞ்சின் பிஸ்டனை ஒரு முறைதான் இழுக்க முடியும், ஒரு முறைதான் தள்ள முடியும். பழைய பழக்கத்தில் முதலில் காற்றை இழுத்துக் குப்பிக்குள் ஏற்றினால் சிரிஞ்ச் பூட்டிக்கொள்ளும், போயிற்று. குப்பியைக் கவிழ்த்து, ஊசிமுனை திரவத்துக்குள்ளேயே இருக்கும்படி பிடித்து இழுக்க வேண்டும். முனை மேலே வந்துவிட்டால் காற்றுக் குமிழ். கடைசியில் 0.5 மி.லி. முழுதாக வராவிட்டால் அதை விட்டுவிட வேண்டும். இந்தக் குப்பியின் மிச்சத்தையும் அந்தக் குப்பியின் மிச்சத்தையும் சேர்த்து ஒரு டோஸாக்குவது சிக்கனமில்லை, கிருமிக்கு வழிவிடுவது.

போடும் இடத்திலும் அவசரம் கெடுக்கும். தோள்பட்டை எலும்பின் நுனியிலிருந்து இரண்டு மூன்று விரற்கடை கீழே, டெல்டாய்டு தசையின் நடுவில், செங்குத்தாக. சட்டைக் கையைச் சுருட்டி மேலேற்றினால் ஊசி மேலே மேலே போகும். மூட்டருகே இறங்கினால் கையைத் தூக்க முடியாத வலி மாதக்கணக்கில் நீடிக்கலாம். தோள் முழுக்கத் தெரியும்படி சட்டையைக் கழற்றச் சொல்ல வேண்டும், கூச்சப்படுகிறவர்களுக்குத் திரைக்குப் பின்னால் ஓர் இடம் ஒதுக்க வேண்டும்.

அரை மணி நேரம் உட்காரவைக்கும் பெஞ்சில் அதிகம் நடப்பது மயக்கம். பயத்தில் விழுகிறவரின் தோல் வெளுத்து, சில்லென்று வியர்த்திருக்கும். நாடி மெதுவாக ஓடும். படுக்கவைத்துக் காலைத் தூக்கினால் தெளிந்துவிடுவார். தீவிர ஒவ்வாமை வேறு முகம் காட்டும். தடிப்பு, அரிப்பு, முகவீக்கம், இழுப்பு, வேகமாக ஓடும் நாடி. அங்கே யோசிக்க நேரமில்லை. அட்ரினலின், பெரியவருக்கு 0.5 மி.லி., தொடையின் வெளிப்புறத் தசையில். அவசர மருந்துகள் வைத்திருக்கும் கிட்டில் இருப்பது 40 யூனிட் இன்சுலின் சிரிஞ்ச் என்பதால் 0.5 மி.லி. என்றால் 20 யூனிட் கோடு. பதற்றத்தில் மனக்கணக்கு போட முடியாது, அந்த எண் பெட்டி மூடியின் உட்புறத்தில் ஒட்டியிருக்க வேண்டும். இன்சுலின் ஊசியும் தசைவரை எட்டாது, ஓர் அங்குல ஊசியை மாற்றிக்கொள்ளத் தனியாக வைத்திருப்பார்கள்.

ஊசியும் வேண்டாம், கேரியரும் வேண்டாம் என்ற திசையில் ஆராய்ச்சி நகர்கிறது. 2023 ஜனவரியில் இங்கே மூக்குவழிக் கோவிட் தடுப்பூசி வந்தது, ஒரு மூக்குத் துளைக்கு 4 சொட்டு. தட்டம்மை, ரூபெல்லா தடுப்பு மருந்தைத் தோலில் ஒட்டும் சிறு பட்டையாக்கி காம்பியாவில் குழந்தைகளிடம் சோதித்த முடிவு 2024-இல் வந்தது. பட்டை நடைமுறைக்கு வந்தால் இந்தக் கட்டுரையின் முதல் பத்தி பழங்கதையாகிவிடும்.

அதுவரை மாதத்துக்கு ஒருமுறை கிட்டைத் திறந்து அட்ரினலின் ஆம்ப்யூலின் காலாவதித் தேதியைப் பார்க்க வேண்டும். கிட்டின் மேல் எழுதும் தேதி, உள்ளே இருப்பவற்றில் எது முதலில் காலாவதியாகிறதோ அதன் தேதி.