நெட் மேல பழி, குற்றவாளி வேற

ரெண்டு வாரமா நெட்காரரைத் திட்டிக்கொண்டிருந்தேன். 2012ல் வாங்கிய பழைய லேப்டாப்பில் யூடியூப் வீடியோ திக்கித் திக்கி ஓடுகிறது, ஃபேன் மாவு மில் மாதிரி இரைகிறது, ஆனால் அதே வைஃபையில் தம்பியின் புது லேப்டாப்பிலும் என் போனிலும் வழுக்கிக்கொண்டு போகிறது. அப்போதே புரிந்திருக்க வேண்டும்.

வீடியோ மேல் ரைட் கிளிக் செய்து, வீடியோ ஓடும் விவரமெல்லாம் காட்டும் 'ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்' திறந்தால் பஃபர், அதாவது முன்கூட்டியே வந்து சேர்ந்த வீடியோ, நிறையவே இருந்தது. டிராப் ஆன ஃபிரேம், அதாவது காட்டாமல் விட்டுப்போன படங்களின் எண்ணிக்கைதான் ஆட்டோ மீட்டர் மாதிரி ஏறிக்கொண்டே இருந்தது. ஆக, டேட்டா வந்து சேர்கிறது, அதைப் பிரிக்கத்தான் மெஷினுக்குத் தெம்பில்லை.

கோடெக், அதாவது வீடியோவைச் சுருக்கி விரிக்கும் முறை, என்ற வரியில் விபி9 என்றிருந்தது. அது 2013ல் வந்தது. என் சிப் அதற்கும் மூத்தது. 2003ல் வந்த எச்.264 என்ற கோடெக்கை மட்டும் கிராஃபிக்ஸ் சிப்பே பார்த்துக்கொள்ளும், மற்றதெல்லாம் பிராசசர் தலையில் விழும். எச்.264ஐயே கேட்டு வாங்கித் தரும் எக்ஸ்டென்ஷன் ஒன்றைப் போட்டேன், ஃபேன் அடங்கிவிட்டது. என்ன, அதில் 1080பிக்கு மேல் கிடைக்காது. இந்த ஸ்கிரீனுக்கு அதுவே அதிகம்.

அப்புறம் இதே லேப்டாப்பில் லினக்ஸில் பூட் செய்தால் மறுபடி திக்கல். அங்கே வீடியோ பிரிக்கும் வேலையை கிராஃபிக்ஸ் சிப்பிடம் ஒப்படைக்கும் விஏ-ஏபிஐ டிரைவரே போடவில்லை. போட்டு, பிரவுசரில் ஹார்ட்வேர் ஆக்சிலரேஷன், அதாவது அந்தச் சிப்பைப் பயன்படுத்தும் வசதி, ஆன் ஆகியிருக்கிறதா என்று பார்த்தபிறகுதான் சரியானது. நெட்காரரிடம் இன்னும் சொல்லவில்லை.