மூன்றாவது எண் மட்டும் மாறும்போது

மென்பொருள் லைப்ரரி ஒன்றின் பதிப்பு எண்ணில் மூன்றாவதாக, கடைசியில் உள்ள எண் மட்டும் ஏறியிருந்தால், அதாவது அது பராமரிப்பு வெளியீடாக இருந்தால், வாங்கியவர் எதிர்பார்ப்பது ஒன்றுதான்: பழைய லைப்ரரியை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டால் நேற்று ஓடியது இன்றும் ஓட வேண்டும். பி.டி.எஃப். பக்கத்தைப் படமாக ரெண்டர் செய்யும் எஸ்.டி.கே.யில் (பிறர் தங்கள் செயலிக்குள் சேர்த்துக்கொள்ளும் மென்பொருள் தொகுப்பில்) இது சொல்வதற்குத்தான் சுலபம். ஃபங்ஷன் பெயர்களும் பாராமீட்டர்களும் அப்படியே இருக்கும். வெளியே வரும் படம் மட்டும் மாறியிருக்கும்.

முதலில் சந்தேகப்பட வேண்டியது உள்ளே இருக்கும் பிறருடைய லைப்ரரிகளை. எழுத்துருக்களை வரையும் ஃப்ரீடைப்பை ஒரு பதிப்பு உயர்த்தினால், ஹின்டிங்கில் (எழுத்தைப் பிக்சல் கட்டத்தோடு பொருத்துவதில்) நடந்த சிறு மாற்றம் எழுத்தின் ஓரத்தைப் பிக்சலின் ஒரு பங்கு நகர்த்திவிடலாம். கண்ணுக்குத் தெரியாது. ஆனால் வாடிக்கையாளர் தன் டெஸ்டில் படங்களின் ஹேஷை (ஒரு பைட் மாறினாலும் மாறிவிடும் அடையாள எண்ணை) ஒப்பிடுகிறார் என்றால் அத்தனையும் ஃபெயில். அதற்காக உயர்த்தாமலும் இருக்க முடியாது. பட டிகோடரில் ஒரு இன்டிஜர் ஓவர்ஃப்ளோ, அதாவது எண் தன் இடத்துக்குள் அடங்காமல் வழியும் பிழை, எவ்வளவு தூரம் போகும் என்பதை, 2021இல் ஆப்பிளின் வரைகலை லைப்ரரியான கோர்கிராஃபிக்ஸில் ஜேபிக்2 என்ற படச் சுருக்க முறை வழியாக நடந்த ஃபோர்ஸ்டு என்ட்ரி உளவுத் தாக்குதல் காட்டிவிட்டது. பாதுகாப்புத் திருத்தத்தை மட்டும் பிரித்தெடுத்துப் பழைய பதிப்பில் பொருத்துவதே பராமரிப்பு வெளியீட்டுக்கு ஏற்றது. வேலை கூடுதல்தான், ஆனால் எது ஏன் மாறியது என்று கேட்டால் பதில் இருக்கும்.

சோர்ஸ் கோடே மாறாமல் படம் மாறுவதும் உண்டு. ஆர்ம்64 பிராசஸருக்கான பில்டில், கோடை மெஷின் கட்டளைகளாக மாற்றும் கம்பைலர் பெருக்கலையும் கூட்டலையும் ஒரே கட்டளையாக இணைத்து, இடையில் ரவுண்டு செய்யாமல் கடைசியில் ஒருமுறை மட்டும் செய்யும். ஜிசிசி என்ற கம்பைலர் கேட்காமலேயே இப்படிச் செய்கிறது. கிளாங் என்ற கம்பைலர் 14ஆம் பதிப்பிலிருந்து. எக்ஸ்86-64 பிராசஸர்களின் அடிப்படைக் கட்டளைத் தொகுப்பில் அந்தக் கட்டளையே கிடையாது. விளைவு, வரைந்த ஒரே கோட்டின் ஓரத்தில் நிற மதிப்பு ஒரு மெஷினில் 127, இன்னொன்றில் 128. ஆயத்தொலைவு கணக்கிடும் ஃபைல்களுக்கு மட்டும் இந்த இணைப்பை அணைத்துவிடலாம். டெஸ்டிலும் வெறும் சகிப்பு அளவு போதாது. ஒவ்வொரு நிறச் சேனலுக்கும் 2 வரை வித்தியாசத்தை விடலாம். வித்தியாசப்படும் பிக்சல்கள் ஓரிடத்தில் கூட்டமாக இருந்தால் அளவு பார்க்காமல் நிறுத்த வேண்டும். எழுத்தின் மேல் காணாமல் போன ஒரு புள்ளி, சராசரிக் கணக்கில் சத்தமில்லாமல் தப்பிவிடும்.

திருத்தம் சரியாக இருப்பதாலேயே வரும் தொல்லை வேறு வகை. ஃபைலுக்குள் எது எங்கே இருக்கிறது என்று சொல்லும் பி.டி.எஃப்.இன் குறுக்குக் குறிப்பு அட்டவணையில் ஒவ்வொரு பதிவும் 20 பைட்: பத்து இலக்க இடம், ஐந்து இலக்கத் தலைமுறை எண், ஒரு எழுத்து, இடைவெளிகள், வரி முடிவுக்கு இரண்டு பைட். வரி முடிவை மாற்றிவிடும் வழியில் ஃபைல் பயணித்திருந்தால் பதிவு 19 பைட்டாகச் சுருங்கும். இடைவெளிகளைத் தாண்டித் தாண்டிப் படித்த பழைய கோடு அதைக் கண்டுகொள்ளாது. வேகத்துக்காக 20ஆல் பெருக்கிக் குதிக்கும் புதுக் கோடு வழிதவறும். நியமப்படி புதியதுதான் சரி; நேற்று திறந்த ஃபைல் இன்று திறக்காதவருக்கு நியமத்தைக் காட்டி என்ன பயன்? பராமரிப்பு வெளியீட்டில் சலுகைகளைச் சேர்க்கலாம், எடுக்கக் கூடாது.

தமிழ் உரையைப் பிரித்தெடுப்பதிலும் இதே கதை. ‘கொடி’யைப் பல ஃபைல்கள் வரையும் வரிசையிலேயே வைத்திருக்கும்: முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால். பி.டி.எஃப்.இல் உள்ள டுயூனிகோட் அட்டவணை கிளிஃபுக்கு (வரைந்த எழுத்து வடிவத்துக்கு) எழுத்தைச் சொல்லுமே தவிர வரிசையைச் சொல்லாது. எனவே தேடினால் கிடைக்காது. கொம்பை அடுத்த மெய்க்குப் பின்னால் தள்ளும் திருத்தம் சேர்த்தால் தேடல் வேலை செய்யும். ஆனால் உண்மையான உரையைத் தனியே எழுதி வைக்கும் ஆக்சுவல்டெக்ஸ்டில் உரை ஏற்கெனவே சரியான வரிசையில் இருந்தால், அதே திருத்தம் ‘செடி’யின் கொம்பைப் பிடுங்கி ‘டி’யோடு ஒட்டிவிடும். உரை எங்கிருந்து வந்தது என்று பார்த்த பிறகே வரிசையைத் தொட வேண்டும்.

தளம் மாறுவதாலும் சிக்கல் வரும். ஆண்ட்ராய்டு 15ஐயோ அதற்குப் பிந்தியதையோ இலக்காகக் கொண்ட புதிய செயலிகளும் அப்டேட்களும் 16 கேபி மெமரி பேஜை (நினைவகத்தைப் பிரிக்கும் துண்டின் அளவை) ஆதரிக்க வேண்டும் என்பது 2025 நவம்பர் 1 முதல் கூகுள் பிளேயின் விதி. ஆண்ட்ராய்டுக்கு சி, சி++ கோடைக் கட்டும் கருவித்தொகுப்பான என்.டி.கே. 28 முதல் தானாகவே அப்படி பில்ட் செய்யும்; அதற்கு முந்தியவற்றில், துண்டுகளை இணைக்கும் லிங்கருக்கு அதிகபட்ச பேஜ் அளவு 16384 என்று சொல்ல வேண்டும். எஸ்.டி.கே.யோடு போகும் ஒரே ஒரு பழைய லைப்ரரி 4 கேபியில் நின்றாலும் போதும், மொத்தச் செயலியும் மாட்டிக்கொள்ளும். லைப்ரரி ஃபைலின் அமைப்பைக் காட்டும் ரீட்எல்ஃப் கட்டளை கொடுத்து, ஒவ்வொன்றின் லோடு வரியிலும் இந்த அளவைப் பார்த்துவிடுவது நல்லது. லினக்ஸில் பில்ட் மெஷினைப் புதுப்பித்தாலே வம்பு: லினக்ஸின் அடிப்படை சி லைப்ரரியான ஜிலிப்சியின் புதிய பதிப்பில் கட்டியது வாடிக்கையாளரின் பழைய சர்வரில் ஏறாமல் போகலாம்.

ரிலீஸ் நோட்டில் ‘பல்வேறு மேம்பாடுகள்’ என்ற வரிக்கு இடமே கொடுக்கக் கூடாது. எந்தத் திருத்தம் படத்தை மாற்றும், எந்த வகை ஃபைலில், எந்தத் தளத்தில் என்று எழுதினால், மறுபக்கம் உள்ளவர் தன் ஒப்பீட்டுப் படங்களில் எவற்றைப் புதுப்பிப்பது என்று அரை மணியில் முடிவெடுப்பார். கூடவே அந்த பில்டின் டீபக் சிம்பல்களை (முகவரி எண்களை ஃபங்ஷன் பெயர்களாக மாற்ற உதவும் தகவலை) தளவாரியாக எடுத்து வைக்க வேண்டும். பின்னர் அதே சோர்ஸிலிருந்து கட்டியவை பெரும்பாலும் பொருந்தாது. வரும் க்ராஷ் அறிக்கை வெறும் முகவரி எண்களாகவே நிற்கும்.